நீ போட்ட குழாயைப் பார்த்துவிட்டு வந்தேன்

தம்பி,

போன வாரம் உன் தொண்டு அமைப்பிலிருந்து ஒரு பெண் என்னைப் போனில் கூப்பிட்டாள். இந்த முறை நீ குழுத் தலைவனாகப் போகிறாயாம். உனக்குக் கீழே பன்னிரண்டு இளைஞர்கள் வருகிறார்களாம். அதனால் ‘பெருமைப்படும் பெற்றோர்’ என்று அவர்களுடைய இணையப் பக்கத்தில் போட நான் பத்து வரி எழுதித் தர வேண்டுமாம். எழுத வராவிட்டால் மாதிரி ஒன்று அனுப்புகிறேன், மகன் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றாள். அனுப்பியும் வைத்தாள். என் மகன் மலைவாழ் மக்களின் வாழ்வில் ஒளியேற்றினான் என்று அதில் இருந்தது. மற்ற பன்னிரண்டு அப்பன்மாரும் அதையே எழுதிக் கொடுத்திருப்பார்கள். நான் சொல்ல வேண்டியது பத்து வரியில் அடங்காது. அதனால் உனக்கே எழுதுகிறேன். அவர்களுக்கு வேண்டுமென்றால் இதை முழுதாகப் போட்டுக்கொள்ளட்டும். யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை.

முதலில் உன்னிடம் சொன்ன ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். பங்குனியில் நானும் உன் அம்மாவும் காசியில் பதினைந்து நாள் தங்கினோம் என்று சொன்னோமே, தங்கியது உன் அம்மாதான். நாச்சியாபுரத்திலிருந்து வந்த கூட்டத்தோடு அவளைச் சத்திரத்தில் விட்டுவிட்டு, மூன்றாம் நாள் காலையில் நான் பஸ் ஏறி எல்லை தாண்டி நேபாளத்துக்குப் போனேன். நீ குழாய் போட்ட அந்தக் குருங் மக்களின் ஊருக்குத்தான். கிளம்பும்போது உன் அம்மா சொன்னது, “போயிட்டு வாங்க. ஆனா என்னத்தப் பாத்தாலும் அவன்கிட்டச் சொல்லிப்புடாதீக. மனசு ஒடஞ்சு போயிருவான்.” ஐந்து மாதம் அந்தப் பேச்சைக் காப்பாற்றினேன். நீ மறுபடி போகிறாய், அதுவும் தலைவனாகப் போகிறாய் என்று கேட்டபின் என்னால் காப்பாற்ற முடியவில்லை. உன் மனசு ஒடிந்தால் ஒடியட்டும். இருபத்தேழு வயதாகிறது, ஒட்ட வைத்துக்கொள்ள உனக்குத் தெரியும்.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். நீ அனுப்பிய படத்தை உன் அம்மா சட்டம் போட்டு ஹாலில் மாட்டினாளே, தலையில் மஞ்சள் தொப்பி, கையில் அழுக்குப்படாத கையுறை, பின்னால் பனிமலை, கையில் ஒரு பைப் ரெஞ்ச். முப்பத்தைந்து வருஷமாக அந்த ரெஞ்சைப் பிடித்துச் சாப்பிடுகிறவன் நான். நீ அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாய். அப்படிப் பிடித்தால் இணைப்பு இறுகாது, கழன்றுதான் வரும். முதல் நாளே பார்த்துவிட்டேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அது மட்டுமா, அந்தப் படத்தை என் போனில் வைத்துக்கொண்டு காரைக்குடியில் நான் வேலை பார்த்த வீட்டிலெல்லாம் காட்டினேன். ஆத்தங்குடியில் குளியலறை வேலை நடந்த ஒரு வீட்டில், பொறியாளர் ஒருவரிடம் வலியப் போய்க் காட்டினேன். அவரும் ரெஞ்சைக் கவனித்திருப்பார். பெருமை வந்துவிட்டால் மனுசனுக்குத் தொழில் மறந்துபோகிறது.

அப்படித்தான் தில் பகதூரிடமும் காட்டினேன். பழைய செட்டியார் வீட்டை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்களே, அங்கே பதினொரு வருஷமாகச் சமையல் வேலை பார்க்கும் நேபாளத்துக்காரர். நம் ஊர்த் தமிழை நம்மைவிட நன்றாகப் பேசுவார். சமையல்கட்டில் தொட்டி அடைத்துக்கொண்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். வேலை முடிந்து டீ குடிக்கும்போது, உங்க நாட்டுக்கு என் மகன் தண்ணீர் கொண்டுவந்தான் பாருங்கள் என்று போனை நீட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கி, உன் முகத்தை விட்டுவிட்டு உன் பின்னால் இருந்த மலையையும் கல் வீடுகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அது அவர் மனைவி பிறந்த ஊர். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார், “அண்ணே, நீங்க வருத்தப்படக் கூடாது. அங்க இப்பத் தண்ணி வரலண்ணே. குழா மட்டுந்தான் இருக்கு.”

அடுத்த மாதம் அவர் லீவில் ஊருக்குப் போனபோது வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். அதை ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்முன் ஒருதரம் பார்த்தேன், குழாய் பிய்ந்து கிடந்தது, எழுந்துபோய்ச் சாமான் பையை இறக்கினேன். காசிக்கு டிக்கெட் எடுத்தோம். என் பையில் வேட்டி இரண்டு, மிச்சமெல்லாம் குழாய்களை இணைக்கும் கப்ளிங், வாசர், இரண்டு பித்தளை வால்வு, ரம்பம், உளி, சுத்தியல். எல்லையில் சோதனை செய்தவன் பையைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். என்னைக் கூட்டிப்போக எல்லைக்கு வந்திருந்த தில் பகதூர் அவனிடம் ஏதோ சொன்னார். அவன் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டான். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். மகன் செய்த வேலையைச் சரிசெய்ய அப்பா போகிறார் என்று சொன்னாராம்.

இரண்டு நாள் பஸ், அப்புறம் ஒரு ஜீப், அப்புறம் நாலு மணி நேர ஏற்றம். என் முழங்காலுக்கு அது தெரியும். உன் குழாயை ஊருக்கு வெளியிலேயே பார்த்துவிட்டேன். கறுப்புக் குழாயை மண்ணுக்குள் புதைக்காமல், தரைக்கு மேலேயே, பாம்பு படுத்திருப்பதுபோல் விட்டிருந்தீர்கள். மழைக்காலத்தில் சரிவு சரிந்து குழாயை இழுத்து, இணைப்பு பிய்ந்து, ஒரு துண்டு பள்ளத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே ஒருதரம் தண்ணீர் நின்றிருந்தது. ஊற்றுக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு மேடு. குழாய் அதில் ஏறி இறங்குகிறது. ஏறி இறங்கும் குழாயின் உச்சியில் காற்று தங்கிவிடும். அதை வெளியேற்ற ஒரு சின்ன வால்வு வைக்காவிட்டால் தண்ணீர் மேட்டைத் தாண்டாது. என்னிடம் வேலைக்குச் சேருகிறவன் மூன்றாம் மாதத்தில் இதைத் தெரிந்துகொள்வான். நீங்கள் நாலு நாட்டிலிருந்து படித்தவர்கள் போனீர்கள், ஒருவனுக்கும் தெரியவில்லை. நீங்கள் புறப்பட்ட பன்னிரண்டாம் நாளே தண்ணீர் நின்றுவிட்டதாம். ஊர்க்காரர்கள் தாங்களாகவே மேட்டில் இணைப்பைக் கழற்றிக் காற்றை விட்டு, மறுபடி மாட்டி, மழை வரும்வரை ஓட்டியிருக்கிறார்கள். நீ யாருக்குப் பாடம் சொல்லப் போனாயோ அவர்கள் உன்னைவிட நல்ல தொழிலாளிகள்.

நான் அந்த மேட்டில் நின்று சிரித்தேன். வாய்விட்டுத்தான் சிரித்தேன். என்னோடு ஏறி வந்த பெண், தில் பகதூர் மனைவியின் அக்கா, மன்மாயா என்று பெயர், நாற்பது வயது இருக்கும், ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். அவள் நின்று தில் பகதூரிடம் ஏதோ கேட்டாள். அவர் தயங்கினார். சொல்லுங்க என்றேன்.

“ஏன் சிரிக்கிறீகன்னு கேக்குறாண்ணே. இந்தக் குழாய அம்புட்டையும் ரோட்டுலருந்து எங்க ஊருப் பொம்பளையாளுகதான் முதுகுல தூக்கியாந்தோம். அதுக்கும் சேத்துத்தான் சிரிக்கிறீகளான்னு கேக்குறா.”

உன்னை இளக்காரமாகப் பார்க்க எனக்கு உரிமை உண்டு, நான் பெற்றவன். அவர்கள் நாலு மணி நேரம் சுமந்ததைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன உரிமை? மன்னிப்புக் கேட்டேன். அவள் சரியென்று தலையசைத்துவிட்டு ஊற்றை நோக்கி நடந்தாள். அதற்குப் பிறகு அந்த ஊரில் இருந்தவரை நான் சிரிக்கவில்லை. அதனால் மிச்ச ஏளனத்தையெல்லாம் பத்திரமாக உனக்காக இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

ஊற்றடியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். நீங்கள் வருவதற்கு முன்னால் அந்த ஊரில் தண்ணீர் இல்லாமல் இல்லை. மரத்தைக் குடைந்து வாய்க்கால்போல் ஒன்றோடொன்று சேர்த்து, மேட்டைச் சுற்றிக்கொண்டு, ஊற்றிலிருந்து ஊர் முனையில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் கல் மடைவரை தண்ணீரைக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் இலை விழுகிறது, சாணி விழுகிறது, சுகாதாரம் இல்லை என்று நீங்கள்தான் அதைப் பிரித்தீர்கள். விழுந்ததுதான், பொய் இல்லை. மேலே ஒரு மூடி போட்டிருக்கலாம். ஊற்றைச் சுற்றிச் சிமெண்டுத் தொட்டி கட்டி அடைத்தீர்கள். பிரித்த மரங்கள் என்ன ஆயின என்று உனக்குத் தெரியுமா? கடைசி நாள் நெருப்பு மூட்டிச் சுற்றி நின்று ஆடினீர்களே, அந்த வீடியோவைக்கூட எனக்கு அனுப்பினாயே, எரிந்தது அந்த வாய்க்கால்தான். ஊர்ப் பெரியவர் ஒருவர் வேண்டாம், வைத்திருங்கள் என்று சொன்னாராம். உங்களுக்கு மொழிபெயர்த்தவன் அதைச் சொல்லவில்லை. விருந்தாளிகள் சங்கடப்படுவார்கள் என்று நினைத்தானாம். புதிதாகக் குடைய வேண்டுமென்றால் மரம் வெட்ட வேண்டும், அதற்கு அனுமதி வேண்டும், அதற்கு ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும்.

ஆக, குழாய் பிய்ந்தபோது அவர்களுக்குப் புதியதும் இல்லை, பழையதும் இல்லை. கீழே ஓடும் ஆற்றுக்கு இறங்கினார்கள். அரை மணி நேரம் இறக்கம், குடத்தோடு ஒரு மணி நேரம் ஏற்றம். போன வருஷ ஆடி மழையில் மன்மாயா வழுக்கி விழுந்தாள். ஆஸ்பத்திரி ஒரு நாள் தூரம். மூன்றாம் நாள்தான் கொண்டுபோக முடிந்தது. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. இதை அவள் என் மேல் பழி போடுகிற மாதிரிச் சொல்லவில்லை. காலில் என்ன என்று நான் கேட்டேன், சொன்னாள், அவ்வளவுதான்.

அதுவரை நான் யாரென்று அவளுக்குச் சொல்லவில்லை. இந்தியாவிலிருந்து வந்த குழாய் வேலைக்காரர் என்று மட்டும் சொல்லும்படி தில் பகதூரிடம் கேட்டிருந்தேன். அன்று சாயந்திரம் அவள் வீட்டில் சோறும் பருப்பும் வைத்துக் கொடுத்தபோது தட்டைக் கீழே வைத்துவிட்டேன். இதைக் கட்டிய பையன்களில் ஒருவன் என் மகன் என்று சொல்லச் சொன்னேன். தில் பகதூர் தலையைக் குனிந்துகொண்டார். ஊருக்குள் வந்த உடனேயே சொல்லிவிட்டாராம். அவள் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான். அந்தத் தம்பிக்கு வயிறு சரியாகிவிட்டதா என்று கேட்டாள்.

இதை நீ எங்களிடம் சொல்லவே இல்லை. எட்டு நாள் வேலையில் ஐந்து நாள் நீ வயிற்றுப்போக்கில் அவள் வீட்டில் சுருண்டு கிடந்தாய். அவள்தான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, உன் துணியை அலசிப் போட்டிருக்கிறாள். ஆறாம் நாள் அவள் தம்பி உன்னைக் கூடையில் உட்கார வைத்து, கூடையின் பட்டையைத் தன் நெற்றியில் மாட்டி, நாலு மணி நேரம் சுமந்து ரோட்டில் இறக்கி ஜீப் ஏற்றியிருக்கிறான். ஊசி போட்டுத் தெளிந்து, படம் எடுக்கும் நாளுக்குத் திரும்பி வந்தாய். அந்தப் படம்தான் நம் ஹாலில் தொங்குகிறது. மலை என்னை உறுதியானவனாக்கியது என்று நீ எழுதியதை உன் அம்மா எனக்கு வாசித்துக் காட்டினாள். மலை என்ன செய்தது? சும்மா நின்றது. உன்னைத் தூக்கியவனுக்கு ஒரு பெயர் உண்டு. அது உனக்குத் தெரியுமா?

அந்த ஊரில் ஆறு நாள் வேலை பார்த்தேன். நான் பார்த்தேன் என்பதுகூடத் தப்பு. முதல் நாள் நான் சொன்னேன், அவர்கள் செய்தார்கள். நாலாம் நாள் அவர்கள் சொன்னார்கள், நான் செய்தேன். எட்டுப் பெண்களும் மன்மாயாவின் தம்பியும் குழாய் போகும் வழியெல்லாம் இடுப்பளவு பள்ளம் வெட்டினார்கள். மேட்டில் வால்வு வைத்தோம். ஊற்று மழைக்குப் பின்னால் இடம் மாறும் என்று பெரியவர் சொன்னார். உங்களிடமும் அதைத்தான் சொல்லப் பார்த்தாராம். அவர் சொன்னபடியே மாறியிருந்தது. உங்கள் தொட்டிக்குப் பக்கவாட்டில் தண்ணீர் கசிந்து வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அதை உள்ளே திருப்பவும், கல் மடைக்குத் தனியாக ஒரு வழி விடவும் முன்சுவரை உடைக்க வேண்டியிருந்தது. முன்சுவரில்தான் உங்கள் பெயர்களைப் பொறித்த கல்லைப் பதித்திருந்தீர்கள். உன் பெயர் நாலாவது. உளியை அதன் மேலேயே வைத்தேன். அடித்தபோது சந்தோஷமாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை. கல் இரண்டாகப் பிளந்து விழுந்த பிறகு அந்தச் சந்தோஷம் எனக்கே பிடிக்கவில்லை. பெரிய துண்டைப் பெண்கள் புரட்டிக்கொண்டுபோய் மடைக்குப் பக்கத்தில் போட்டார்கள். இப்போது அதில்தான் துணி துவைக்கிறார்கள்.

ஏன் பிடிக்கவில்லை என்று திரும்பி வரும் பஸ்ஸில் யோசித்தேன். நீ ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் என்னோடு வேலைக்கு வருகிறேன் என்று அடம்பிடித்தது நினைவிருக்கிறதா? நெற்குப்பையில் ஒரு பெரிய வீட்டில் கழிவுநீர்க் குழாய் அடைத்திருந்தது. என் பையைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாகத்தான் வந்தாய். நான் முழங்கை வரை கையை விட்டிருந்தேன். நீ பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். நல்ல கேள்விகள். அந்த நேரம் வீட்டுக்காரர் வெளியே வந்து, மகனையும் தொழிலுக்குப் பழக்குறீகளா என்று கேட்டார். அவர் ஒன்றும் குத்திச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. எல்லார் முன்னாலும் உன்னைப் பார்த்து, “எந்திரிச்சு வீட்டுக்குப் போடா. இந்த நாத்தம் என்னோட போகட்டும். நீ ஆபீஸ்ல ஒக்காரப் பொறந்தவன்” என்றேன். நீ பையைக் கீழே வைத்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறிப் போனாய். அதற்குப் பிறகு ஒருநாளும் என் பையைத் தொடவில்லை. பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் ‘கட்டட ஒப்பந்தக்காரர்’ என்று நீ எழுதியதைப் பார்த்தேன். தட்டிக் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டேன்.

ஆகவே நீ ரெஞ்சைத் தலைகீழாகப் பிடித்ததற்கு நான்தான் காரணம். குழாய் வேலை கேவலம் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதே வேலையை வேறு நாட்டில், பனிமலைக்கு முன்னால், அச்சடித்த பனியன் போட்டுக்கொண்டு, கூலி வாங்காமல் கட்டணம் கட்டிச் செய்தால் அது சேவை என்று அந்த அமைப்பு உனக்குச் சொல்லிக் கொடுத்தது. இரண்டு பேச்சும் ஒரே பேச்சுதான். இரண்டிலும் வேலைக்கு மரியாதை இல்லை. வேலை தெரிந்தவனை உங்கள் குழுவில் ஒருவரும் கூட்டிக்கொண்டு போகாததற்கு அதுதான் காரணம். நீயாவது ஒரு போன் செய்து, அப்பா, மேட்டில் குழாய் ஏறுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும். உன் நண்பர்களுக்கு முன்னால் நான் ஒப்பந்தக்காரர் அல்லவா.

இப்போது ஐப்பசியில் போகப் போகிறாய். அது என்ன எப்போதும் ஐப்பசி? மலை தெளிவாகத் தெரியும் மாதம், படம் நன்றாக விழும் மாதம், அட்டை கடிக்காத மாதம். அந்த ஊருக்குக் கஷ்டம் வருவது மழையில். மழையில் உங்களில் ஒருவனும் அங்கே இருந்ததில்லை. பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனால் பன்னிரண்டு பேருக்கும் அவர்கள் சோறு பொங்க வேண்டும், வெந்நீர் வைக்க வேண்டும், வயிறு கெட்டால் தூக்க வேண்டும். நீ தலைவனாகப் போகாதே. அந்தப் பன்னிரண்டு பேருக்கும் உண்மையைச் சொல்லி வீட்டில் இருக்கச் சொல். போவதானால் தனியாகப் போ, இந்த வாரமே போ. அங்கே இன்னும் மழை விடவில்லை. திரும்பும் தேதி போடாமல் டிக்கெட் எடு.

என் பெரிய ரெஞ்சை மன்மாயாவிடம் விட்டுவிட்டு வந்தேன். இந்த வருஷ ஆடியில் சரிவு மறுபடி சரிந்ததாம். புதைத்த குழாய் அசையவில்லை. ஒரு இடத்தில் மட்டும் வாசர் தேய்ந்து ஒழுகியதாம். அவளே கழற்றி, ரப்பர் செருப்பை வெட்டி வாசர் செய்து மாட்டிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்துத் தில் பகதூர் போனில் பேசும்போது சும்மா தகவலாகச் சொன்னாள். எனக்கு இருந்த சந்தோஷத்தை உன் அம்மாவிடம் கேள்.

நேற்று ஹோட்டலுக்குப் போய்த் தில் பகதூரின் போனில் அவளோடு பேசினேன். நீ வந்தாலும் வருவாய் என்று சொல்லி வைத்தேன். உனக்கு ஒரு வேலையும் தெரியாது, நம்பி எதையும் கையில் கொடுக்காதே என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டேன். தில் பகதூர் அதை அப்படியே சொன்னாரா, கொஞ்சம் மெழுகிச் சொன்னாரா, தெரியாது. பிறகு அவள் பேசினாள். தில் பகதூர் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“வரட்டுங்குறாண்ணே. அந்தத் தம்பி குழாயப் புடிச்சுக்கிடட்டும், நான் முடுக்குறேங்குறா.”

அப்பா